காத்திருந்த தாயும் எழுதப்படாத தாயும் – 'மாமலீட்டா'வை முன்வைத்து

ஆங்கிலத்தில் தத்தெடுப்பு நினைவுக் குறிப்பு என்று ஒரு தனி எழுத்து வகையே உருவாகிவிட்டது. பிள்ளைப்பேறு இல்லாத ஒருவர், ஒரு தூர தேசம், ஒரு புகைப்படம், நீண்ட அலைச்சல், கடைசியில் விமான நிலையம். அமெரிக்கப் பெண்மணி ஜெசிக்கா ஓட்வயர் 2010இல் வெளியிட்ட 'மாமலீட்டா' இந்த வகையைச் சேர்ந்தது. கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் அகப்பட்ட இந்நூலை, கலாசாலையில் படித்த ஆங்கிலத்தை நம்பி, அகராதியும் கையுமாக இரண்டு தவணை விடுமுறைகளில் வாசித்து முடித்தேன். நூலாசிரியையின் மீது மரியாதையும் நூலின் மீது ஒரு மனக்குறையும் மிஞ்சின. அந்த மனக்குறையைத்தான் இங்கு பேச விரும்புகிறேன்.

முப்பத்திரண்டு வயதிலேயே மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண். சில ஆண்டுகளின் பின், மணமாகிய நிலையில், இணையத்தில் இரண்டு மாதக் குழந்தையொன்றின் படத்தைக் காண்கிறார். குழந்தை இருப்பது குவாத்தமாலாவில். ஓராண்டு கடந்தும் காரியம் ஆகவில்லை. நம்பியிருந்த முகவர் நிறுவனமும் கைவிட்டுவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு அன்டிகுவா நகருக்குப் போய், குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். வளர்க்கிறார், ஆனால் சட்டப்படி தாயில்லை. குழந்தையோடு நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. இந்த அந்தரத்தில் வாழ்ந்த மாதங்களே நூலின் உயிர். சொந்த ஊரும் இல்லாமல், வந்த ஊரும் சொந்தமாகாமல், மொழி அரைகுறையாகத் தெரிந்த ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடுதாசிக்காகக் காத்திருக்கும் பக்கங்களை எந்தத் தாயும் தகப்பனும் ஈரமின்றி வாசிக்க முடியாது. நானும் அப்படித்தான் வாசித்தேன்.

அன்று அன்டிகுவாவில் அவர் மட்டும் இப்படி இருக்கவில்லை. பல அமெரிக்கப் பெண்கள் இதேபோல் தங்கி, தாம் தத்தெடுக்கவிருந்த பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதற்குக் காரணம் 1977இல் வந்த ஒரு சட்டம். நீதிபதியின் கட்டளை இன்றியே நொத்தாரிசு ஒருவர் தத்தெடுப்பை நடத்தி முடிக்க அது இடமளித்தது. குடும்ப நீதிமன்றத்தின் சமூக சேவை அலுவலர் ஒருவர் அறிக்கை கொடுப்பார். பின்னர் அரச சட்டத்துறை அலுவலகம் கோப்பைப் பார்த்து அனுமதிக்கும். பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் தத்தெடுப்போருக்கும் ஒரே நொத்தாரிசே பேசலாம். கட்டணம் 25,000 டொலரையும் தாண்டியது. 2007இல் மட்டும் 4,700க்கு மேற்பட்ட பிள்ளைகள் குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து இந்த வழி அடைபட்டது.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு நூலை மறுவாசிப்புச் செய்தால் ஒரு விடயம் உறுத்துகிறது. இந்த வகை எழுத்தில் தாமதம்தான் வில்லன். கோப்பைத் திருப்பியனுப்பும் எழுதுவினைஞர் வில்லன். எழுத்துப் பிழைக்காகத் தாளை மீண்டும் கேட்கும் அலுவலகம் வில்லன். வாசகன் பக்கத்துக்குப் பக்கம், 'ஐயோ, அந்த முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடேன்' என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே போகிறான். நானும் கெஞ்சினேன். ஆனால் பெற்றவளிடம், 'நீ மனமொப்பித்தான் கொடுத்தாயா' என்று அரசின் சார்பில் யாராவது கேட்டிருக்கக்கூடிய ஒரே இடைவெளி அந்தத் தாமதத்துக்குள்தான் இருந்தது. அமெரிக்கத் தூதரகம் கேட்ட மரபணுப் பரிசோதனை இவள்தான் தாய் என்று சொல்லும். எந்த நெருக்குதலில் கையொப்பமிட்டாள் என்று அது சொல்லாது. காத்திருப்பவளின் கண்ணால் மட்டும் கதை சொல்லப்படும்போது, பெற்றவளைக் காக்கக்கூடிய ஒரே வேலியை உடைத்தெறியுமாறு வாசகனே வேண்டிக்கொள்கிறான். இது ஓட்வயரின் குற்றமல்ல. அவரது விடயத்தில் நடந்த தாமதம் யாரையும் காக்கவில்லை, முகவர்களின் அசட்டையால் வந்தது. குறை இந்த வகைமையின் கட்டுமானத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு தாயும் உண்டு. வெளிநாட்டுக்காரர் வந்து சேரும்வரை கூலிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். இவளைப் பற்றி இந்த வகை நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எங்கள் பாடசாலையில் முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தது. உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருடங்கள். உம்மும்மாவின் கையில் வளர்ந்தது. உம்மா பெட்டியும் பொம்மையுமாக வந்திறங்கிய அன்று பிள்ளை உம்மும்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, 'இது ஆரு?' என்று கேட்டதாம். பெற்ற தாய்க்கே இந்தக் கதி. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை பழகிய கையைவிட்டு, வேற்று மொழி பேசும் ஒருத்தியிடம் போகும் இரவு எப்படியிருந்திருக்கும்? அந்தக் கூலித்தாய் வெறுங்கையோடு வீடு திரும்பிய பயணத்தை யார் எழுதினார்கள்?

ஓட்வயருக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். பெற்ற தாயைப் பின்னர் தேடிக் கண்டவர் அவர். பத்தாண்டுகள் கழித்து, 2020இல், 'மதர் மதர்' என்ற நாவலை எழுதினார். அதில் கலிபோர்னியாவின் நூதனசாலை ஒன்றில் பணிபுரியும் தத்தெடுத்த தாய்க்குச் சமமாக, இஷில் மாயா இனத்துப் பெண்ணொருத்தியும் வருகிறாள். இஷில் மக்கள் பட்டதை நாம் அறிந்திருக்க வேண்டும். 1960 முதல் 1996 வரை நீடித்த அந்நாட்டு உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் இரண்டு இலட்சம் என உண்மை ஆணைக்குழு மதிப்பிட்டது. அடையாளங்காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு 83 பேர் மாயாக்கள். போர் தின்ற கிராமங்களின் வறுமையே பிற்காலத் தத்தெடுப்புச் சந்தைக்குப் பிள்ளைகளைத் தந்தது. நினைவுக் குறிப்பில் சொல்ல முடியாததைச் சொல்ல ஆசிரியை புனைவுக்குப் போகவேண்டி வந்ததை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே நான் வாசிக்கிறேன். ஆயினும் அந்தப் பெண்ணின் குரலையும் எழுதியது அதே கைதான். இஷில் பெண்ணொருத்தி தானே எழுதிய பிரதியை நான் இன்னும் வாசிக்கவில்லை.

இது எங்கோ மத்திய அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்ற நெறி நமக்குண்டு, ஆகவே நமக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நண்பரொருவர் வாதிட்டார். நெறி சரிதான். ஆனால் 1970கள் முதல் 1990கள் வரை இதே இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலான நாடுகளுக்குப் போனார்கள். இங்கு வந்த வெளிநாட்டார் பலர் அன்டிகுவாக்காரரைப் போல் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. சில வாரங்களில் பிள்ளையோடு விமானமேறினார்கள். அந்த வேகத்தின் விலை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வெளிவந்தது. போலிப் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், தாயென நடித்த பெண்கள், பிள்ளைப் பண்ணைகள். 2020இல் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்புகளை இடைநிறுத்தியது. இன்று நடுவயதை எட்டியவர்கள் இங்கு வந்து, பத்திரத்தில் உள்ள பெயரைக் கொண்டு கிராம சேவகரிடம் விசாரித்தால், அப்படியொரு பெண் அந்த விலாசத்தில் வாழ்ந்ததே இல்லை என்று பதில் வருகிறது.

போரையும் அகதி வாழ்வையும் கடல் கடந்த உழைப்பையும் நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் குந்தியிருந்த ஒருத்தியை மட்டும் என் குறைந்த வாசிப்பில் நான் சந்திக்கவில்லை. வாசித்தவர்கள் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதவும். நூல் கிடைத்தால், அஞ்சற் செலவை நான் அனுப்பிவைக்கிறேன்.