பாறசாலைப் பாலும் ஒளிர்வுச் சோதனையும்

கறந்த பாலில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இயல்பாகவே இருக்கிறது. 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி வைத்தால் அது செயலிழக்கும். காசநோய்க் கிருமியைக் கொல்லும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான சூடு இதற்கு வேண்டும். ஆகவே நொதி அடங்கிவிட்டால் கிருமியும் ஒழிந்தது என்று கொள்கிறார்கள். பாஸ்டியூரைஸ் செய்த பாலைச் சோதிக்கும் முறைக்கு இதுவே அடிப்படை.

பழைய முறையில் பாலையும் ஒரு பாஸ்பேட் சேர்மத்தையும் குழாயில் கலந்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். நொதி மிஞ்சியிருந்தால் மஞ்சள் நிறம் தட்டும். ஒளிர்வு முறையில் அந்தச் சேர்மத்துக்குப் பதில் பாஸ்பேட்டோடு பிணைந்த ஒரு சாயம். பிணைப்பு இருக்கும்வரை சாயம் ஒளிராது. நொதி அதை வெட்டிவிட்டால் ஒளிரத் தொடங்கும். துளியளவு பால் போதும், மூன்று நிமிடத்தில் கருவி எண்ணைக் காட்டிவிடும். லிட்டருக்கு 350 மில்லியூனிட் நொதி என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்திருக்கும் வரம்பு. பசுவின் பச்சைப்பாலில் நொதியின் அளவு பல லட்சம் இருக்கும். பத்தாயிரம் லிட்டர் பாஸ்டியூரைஸ் பாலில் ஒரு லிட்டர் பச்சைப்பால் கசிந்தால்கூட ஒளிர்வு காட்டிக்கொடுக்கும். கண்ணை நம்பும் மஞ்சள் நிறத்துக்கு இந்தக் கூர்மை இல்லை.

கூர்மைக்கு விலையும் உண்டு. பால் தண்ணீரல்ல. கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். பாலிலுள்ள ரிபோபிளேவின் தானாகவே ஒளிரும். அதனால் கொழுப்பு நீக்கிய பாலுக்கும் நிறைகொழுப்புப் பாலுக்கும் தனித்தனியாகக் கருவியை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வரும் எண், துல்லியம்போலத் தோன்றும் ஊகம்தான். ஆட்டுப்பாலில் இந்த நொதி இயல்பிலேயே குறைவு. பசும்பாலுக்கு வைத்த வரம்பு அங்கே பிழையை மன்னித்துவிடும். மிகுந்த சூட்டில் காய்ச்சிய கிரீமில், அடங்கிய நொதி சில நாளில் மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. சில பாக்டீரியாக்களின் பாஸ்படேஸ் சூட்டுக்கும் அசையாது. ஒளிர்ந்ததாலேயே பச்சைப்பால் கலந்தது என்று தீர்ப்பெழுத முடியாது.

இந்தக் கருவி எல்லைச் சாவடிக்குப் பொருந்துமா? தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. ஆரியங்காவிலும் மீனாட்சிபுரத்திலும் இதேபோல உண்டு. ஓணம் நெருங்கும்போது தமிழ்நாட்டுப் பால்வண்டிகள் மீது கெடுபிடி கூடும். டேங்கரில் வருவது குளிரூட்டிய பச்சைப்பால் என்றால் அதில் நொதி நிறைந்தே இருக்கும். ஒளிர்வுக் கருவிக்கு அங்கே வேலையில்லை. பாக்கெட் பாலுக்கு மட்டுமே அது பேசும். கலப்படமாகச் சேர்க்கும் யூரியாவையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ அது கண்டுகொள்வதே இல்லை.

எல்லையில் உண்மையான சிக்கல் நேரம். 2023 ஜனவரியில் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பாலோடு ஒரு டேங்கர் நிறுத்தப்பட்டது. பெராக்சைடு இருப்பதாகப் பால்வளத் துறை சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறை பின்னர் சோதித்தபோது அகப்படவில்லை. தாமதத்தில் மறைந்துவிட்டது என்பது பால்வளத் துறையின் வாதம். பாலிலுள்ள கேட்டலேஸ் போன்ற நொதிகள் பெராக்சைடைச் சிதைப்பவை என்பதால் அதைத் தள்ளிவிடவும் முடியாது.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை உள்ள ஊர்களுக்கு ஒளிர்வுக் கருவி உதவ வேண்டுமானால், அது இருக்க வேண்டிய இடம் பாக்கெட் போடும் ஆலை. சாவடிக்கு முதலில் வேண்டியது, வண்டி நிற்கும்போதே கலப்படத்தைக் காட்டும் சோதனைத்தாள்.