திரும்புகிற வளையம்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், மழைக்குப் பிறகு எந்த வண்டியையும் விடாது. என் கூர்க்கா ஜீப்பில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. டயர் பட்டன் முழுக்கக் களி அப்பி வழுவழுவென்று ஆன பிறகு லாக் என்ன செய்யும்? டிராக்டர்தான் வர வேண்டும். அதுவும் நேர் எதிரே வந்து நிற்காது, அங்கேயும் சேறு. "அண்ணாச்சி, இங்கிட்டு இருந்துதான் இழுக்க முடியும்" என்று மேட்டில் ஓரமாக நின்றுகொள்வார் டிரைவர்.

அப்படிப் பக்கவாட்டில் இழுத்துத்தான் போன வருஷம் என் பழைய கொக்கி வளைந்தது. இந்த ஐப்பசியில் முன்பக்கம் இரண்டு சுழல் கொக்கிகள் மாட்டினேன். முதல் தடவை பெல்ட் இறுகியபோது பக்கத்தில் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, அறுந்தால் உயிருக்கு ஆபத்து. தள்ளி நின்று பார்த்தேன். கொக்கியின் வளையம் தானாகத் திரும்பி டிராக்டரை நோக்கி நின்றது. வண்டி ஏறி வந்துவிட்டது. வளையம் திரும்பினாலும் பக்கவாட்டு விசை போல்ட்டுக்கும் சேசிஸுக்கும் போகத்தான் செய்யும். அதனால் இரண்டு கொக்கியையும் ஒரே பெல்ட்டில் இணைத்துச் சுமையைப் பிரித்துவிடுகிறேன்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடிப்பது சில சமயம் உடையும் சுமை. நமக்கு வேண்டியது வேலைச்சுமை, அதாவது பத்திரமாகத் தாங்கும் சுமை. அது உடையும் சுமையில் நாலில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். இந்த ஏமாற்று எனக்குப் பிடிப்பதே இல்லை. பம்பர் தகட்டில் மாட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சேசிஸில், 10.9 கிரேடு போல்ட்டில், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். ஸ்பானரில் பைப் செருகி முறுக்க வந்த மெக்கானிக் தம்பியை நான் விடவில்லை.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. சுழலும் இடுக்கில் கரிசல் புகுந்து காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது. மூன்றாம் வாரம் விரலால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. திரும்பாத சுழல் கொக்கிக்கும் என் பழைய கொக்கிக்கும் என்ன வித்தியாசம்? இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் ஒரு ரப்பர் உறை கொடுத்திருக்க வேண்டாமா? தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் வைத்த பிறகுதான் சுற்றியது. இப்போது சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டிருக்கிறேன். போன வாரத்துச் சேற்றில் உள்ளே மண் போகவில்லை.