விடை வரும்வரை ஓர் ஊர்: கப்போட்டியின் 'இன் கோல்ட் பிளட்' பற்றிய ஒரு நோக்கு

கொலையைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் பெரும்பாலும் மூவரைச் சுற்றியே அமைவன: கொன்றவன், கொல்லப்பட்டவன், துப்பறிபவன். இம்மூவருக்கும் அப்பால் நிற்கும் ஊர், நிகழ்ச்சிகளுக்குரிய பின்னணியாக மாத்திரமே அவற்றிற் பயன்படுத்தப்படும். கொலை நடந்த நாளுக்கும் கொலையாளி பிடிபடும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவ்வூர் எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி (1924-1984) எழுதிய 'இன் கோல்ட் பிளட்' அவ்வினாவை எழுப்பிய நூல்களுள் முக்கியமானது. 1965 செப்டெம்பரில் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கி 1966 இல் நூலுருப் பெற்ற இப்படைப்பு, உண்மை நிகழ்ச்சியொன்றை நாவலின் உத்திகளைக் கொண்டு கூறும் முயற்சி என்ற வகையிலேயே பெரிதும் பேசப்பட்டுள்ளது. வடிவம் பற்றிய அவ்விவாதத்தினிடையே, நூலில் இடம்பெறும் சமூகச் சித்திரத்தின் பெறுமதி மறைந்துபோவதுண்டு. அச்சித்திரத்தின் சிறப்பையும் குறைபாட்டையும் ஒருங்கே நோக்குவது பயனுடைத்து.

நிகழ்ச்சி வருமாறு: கன்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள கோதுமைச் சமவெளியில் ஹொல்கொம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கப்போட்டி அதன் மக்கள்தொகையை 270 என்பார். 1959 நவம்பர் 15 ஆந் திகதி அதிகாலையில் அவ்வூரின் செல்வாக்குமிக்க விவசாயியான ஹேர்பட் கிளட்டர், அவருடைய மனைவி, மகள், மகன் ஆகிய நால்வரும் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். கன்சாஸ் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த அல்வின் டூயி விசாரணைக்குப் பொறுப்பாக இருந்தார். றிச்சர்ட் ஹிக்கொக், பெரி ஸ்மித் என்னும் இருவர் டிசெம்பர் 30 ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரிற் கைதாயினர். இடைப்பட்ட காலம் 45 நாட்கள். நீதிமன்றங்களின் கணக்கில் இது நீண்ட காலமன்று. ஆயின், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் 270 பேர், தம்முள் ஒருவனே கொலைகாரன் என்ற ஐயத்தோடு கழித்த 45 இரவுகளை நாட்காட்டியைக் கொண்டு அளக்கவியலாது.

துப்பறியும் நாவல் மரபில் இவ்விடைக்காலம் எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதை நோக்கினால், கப்போட்டியின் தனித்துவம் தெளிவாகும். அகதா கிறிஸ்டியின் 'றோஜர் அக்றொய்ட் கொலை' (1926) என்னும் நாவலும் ஒரு கிராமத்திலேயே நிகழ்கின்றது. அங்கும் ஊர்வாய் ஓயாது பேசுகின்றது. மருத்துவரின் தமக்கையான கறோலின் வீட்டை விட்டு வெளிவராமலே ஊர்ச் செய்தி முழுவதையும் அறிந்துகொள்கின்றாள். ஆனால் அங்கு வம்பு ஒரு சுவை. ஐயம் ஒரு விளையாட்டு. ஒவ்வொருவர்மீதும் மாறிமாறி விழும் சந்தேகம், துப்பறிபவர் உண்மைக் குற்றவாளியைச் சுட்டியதும் ஏனையோரிடமிருந்து தடயமின்றி நீங்கிவிடுகின்றது. நேற்றுவரை ஐயுறப்பட்டவன் நாளை தன் அயலவனை எவ்வாறு முகங்கொள்வான் என்பது பற்றி அந்த மரபு கவலை கொள்வதில்லை. விசாரணையின் தாமதம் வாசகனின் ஆவலைத் தூண்டும் உத்தி என்பதற்கு மேல் அங்கு எதுவுமன்று.

கப்போட்டி இவ்வுத்தியைத் தலைகீழாக்குகின்றார். நூலின் முதற் பகுதியிலேயே கொலையாளிகள் இருவரும் வாசகனுக்கு அறிமுகமாகிவிடுகின்றனர். அவர்களுடைய கார் ஹொல்கொமை நோக்கி வருவதையும், கிளட்டர் குடும்பம் தன் இறுதி நாளைக் கழிப்பதையும் மாறிமாறிக் காட்டிச் செல்கின்றார். எனவே 'யார்?' என்ற வினா வாசகனுக்கு இல்லை. 'இனந்தெரியாதோர்' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்ட இரண்டாம் பகுதியில், கொலைகாரர் ஊருக்கு மாத்திரமே இனந்தெரியாதோர். ஊர் கொள்ளும் ஒவ்வோர் ஐயமும் பொய்யென்று அறிந்துகொண்டே வாசகன் அதனைப் படிக்கின்றான். இதனால் விளையும் நன்மை பெரிது: குற்றவாளியைத் தேடும் பணியிலிருந்து விடுபட்ட வாசகன், தேடுகின்ற ஊரைக் கூர்ந்து நோக்க முடிகின்றது. இதனால் விளையும் இழப்பும் உண்டு: ஐயத்தின் கொடுமையை அவன் காண்கின்றானேயன்றி அனுபவிப்பதில்லை. அறிந்தவனுக்குரிய பாதுகாப்பான இடத்திலிருந்து அறியாதோரை நோக்கும் வசதி அவனுக்குத் தரப்படுகின்றது.

அப்பகுதியில் வரும் ஊர்ச் சித்திரம் சிறு விவரங்களால் ஆனது. கதவைப் பூட்டும் வழக்கமில்லாதிருந்த ஊரில் பூட்டுக்களும் தாழ்ப்பாள்களும் விற்றுத் தீர்கின்றன. நள்ளிரவிலும் வீடுகளில் விளக்குகள் எரிகின்றன. ஹார்ட்மன் உணவுச்சாலையில் விவசாயிகளும் பத்திரிகையாளரும் கூடியிருந்து ஊகங்களைப் பரிமாறிக்கொள்கின்றனர். அங்கு கோப்பி அருந்தச் செல்லும் டூயி, இன்னும் ஒருவரையும் கைதுசெய்யாதது ஏன் என்ற குத்தற் பேச்சுக்கு ஆளாகின்றார். தபாலதிபரான மேர்ட்டில் கிளெயர் அம்மையார், கொலைகாரன் எதிர்வீட்டுக்காரனாகவும் இருக்கலாம் என்று ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். மகளின் நண்பனான இளைஞன், குடும்பத்தினரை இறுதியாகக் கண்டவன் என்ற ஒரே காரணத்தால், பொய்யறியும் கருவியின் சோதனைக்கு உட்பட நேர்கின்றது. இவற்றுள் எதுவும் மிகைப்படுத்திக் கூறப்படவில்லை. மக்கள் அஞ்சியது இருளிலிருந்து வரும் அந்நியனை அன்று. பகலில் வணக்கம் கூறிச் செல்லும் அயலவனையே அஞ்சினர் என்பதை இவ்விவரங்கள் தாமாகவே உணர்த்துகின்றன.

இவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது? இவ்விடத்திலேயே நூலின் பார்வை தடுமாறுகின்றது. கொல்லப்பட்டவர் வேறொருவராயின் இத்துணைக் கலக்கம் ஏற்பட்டிராது, ஊர் மதித்த அனைத்துக்கும் உருவமாக விளங்கிய குடும்பம் இது எனக் கருதும் ஆசிரியர் ஒருவரின் கூற்றைக் கப்போட்டி எடுத்துக்காட்டுகின்றார். அது உண்மையே. கிளட்டர் 800 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாகவும் மேலும் 3,000 ஏக்கரைக் குத்தகைக்கும் பயிரிட்டவர். மெதடிஸ்ற் திருச்சபையின் தூண்களுள் ஒருவர். மதுவருந்துபவரைத் தம் பண்ணையில் வேலைக்கு அமர்த்தாதவர். ஜனாதிபதி ஐசனோவர் காலத்தில் சமஷ்டி விவசாயக் கடன் சபையில் அங்கம் வகித்தவர். இத்தகைய ஒருவர்மீது ஊரார் மதிப்பு மாத்திரமா கொண்டிருப்பர்? நிலமுடையோனுக்கும் கூலிக்கு உழைப்போனுக்கும், ஒழுக்கத்தை விதிப்பவனுக்கும் விதிக்கப்படுபவனுக்கும் இடையே பேசப்படாத மனத்தாங்கல்கள் இருந்தே தீரும். கொலைக்கு முன் நாகரிகத்தின் பொருட்டு அடக்கப்பட்டிருந்த அவை, விடையின்றி நீண்ட விசாரணையின்போது ஊகங்களாக வெளிவந்தன என்று கொள்ள இடமுண்டு. வதந்தி அறியாமையின் விளைவு மாத்திரமன்று. ஊர் தன்னைப் பற்றி அறிந்திருந்தும் சொல்லாதிருந்தவற்றின் வெளிப்பாடுமாகும். கப்போட்டியோ அதனை எங்கிருந்தோ வந்து கவிந்த மூடுபனி போலவே வருணிக்கின்றார். எவர் எவரை ஐயுற்றனர், அவ்வையம் எச்சமூக உறவுகளின் வழியே ஓடியது என்று அவர் நுணுகி ஆராயவில்லை.

இதற்கான சான்று நூலுக்குள்ளேயே உளது. கிளட்டர் கையிற் பணம் வைத்திருப்பவரல்லர். எதற்கும் காசோலையே கொடுப்பார் என்பது ஊரறிந்த செய்தி. அதனை அறிந்த எவனும் கொள்ளையிடும் நோக்கோடு அவ்வீட்டினுள் நுழையான். ஆதலின் கொலைக்குக் காரணம் பகைமையாகவே இருத்தல் வேண்டும் என்பது இயல்பாக எழும் முடிபு. குடும்பத்தை அறிந்த ஒருவனே இதனைச் செய்திருக்கலாம் என்ற எண்ணம் தொடக்கத்தில் புலனாய்வாளரிடமும் வலுவாகவே இருந்தது. ஆக, ஊரின் ஊகத்துக்கும் பொலிசாரின் ஊகத்துக்கும் அடிப்படை ஒன்றே. ஊரைத் தவறான வழியிற் செலுத்தியது அதன் மூடத்தனமன்று. உள்ளூரவர்க்கேயுரிய சரியான அறிவே.

உண்மை வெளிப்பட்ட விதமும் சிந்தனைக்குரியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் கிளட்டரின் பண்ணையிற் கூலிக்கு வேலை செய்த புளொயிட் வெல்ஸ் என்பவன், பின்னர் கன்சாஸ் மாநிலச் சிறையில் ஹிக்கொக்கோடு ஓரறையில் அடைபட்டிருந்தான். செல்வந்தரான அவ்விவசாயியின் வீட்டில் இரும்புப் பெட்டியொன்று உளதென்று அவன் கூறியதே கொலைக்கு வித்தாயிற்று. அங்கு அப்படியொரு பெட்டி இருக்கவில்லை. கொலையாளிகள் கொண்டுசென்றது ஐம்பது டொலருக்கும் குறைவான பணம். கொலைச் செய்தியைச் சிறையில் வானொலி மூலம் கேட்ட வெல்ஸே ஹிக்கொக்கின் பெயரை அதிகாரிகளுக்குத் தெரிவித்தான். கொலையாளிகள் ஊருக்கு அந்நியர். எனினும் அவர்களை அவ்வீட்டு வாயிலுக்கு அழைத்து வந்த சொல் அந்நியமானதன்று. அது பண்ணையின் கூலி உறவினூடாக, வந்து போன ஒரு தொழிலாளியின் நினைவினூடாகச் சென்றது. 'உள்ளிருந்தே இது வந்தது' என்ற ஊரின் எண்ணம் சட்டத்தின் முன் பொய். சமூக உறவுகளை வைத்து நோக்குமிடத்து அது முழுப் பொய்யன்று. நூலாசிரியர் இத்தொடர்பைத் தற்செயலாகவே கருதிக் கடந்து செல்கின்றார்.

நூலின் மிகச் சிறந்த அவதானிப்பு விடை கிடைத்த பின்னரே வருகின்றது. கொலையாளிகள் இருவரும் வெளியூரவர் என அறிவிக்கப்பட்டபோது ஹொல்கொம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருத்தல் வேண்டும். மாறாக, பலர் ஏமாற்றமுற்றனர் என்கின்றார் கப்போட்டி. இவ்விருவருக்கும் பின்னால் வேறெவரோ இருத்தல் வேண்டும் எனச் சாதித்தோரும் உளர். வாரக்கணக்கில் அயலவனை ஐயுற்று வாழ்ந்தவர்கள், அவ்வையம் காரணமற்றது என ஒப்புக்கொள்வதாயின் தம் நடத்தைக்கு விளக்கம் கூற வேண்டியவராவர். குற்றவாளி உள்ளூரவனாயின் அவர்களது ஐயம் நியாயமாகிவிடும். அந்நியனாயின் அது வெறும் அவதூறாகிவிடும். விசாரணை முடிந்த பின்னரும் வதந்தி முடியாமைக்கு இதுவே காரணமாதல் கூடும். 1960 ஜனவரி 6 ஆந் திகதி, கைதிகளைக் காண கார்டன் சிற்றி நீதிமன்ற முன்றலிற் கூடிய கூட்டம், அவர்கள் காரிலிருந்து இறங்கியதும் வசைபாடாது வாயடைத்து நின்ற காட்சியையும் இதனோடு இணைத்து நோக்குதல் தகும். தாம் அஞ்சிய உருவத்துக்கும் தம்முன் நின்ற இரு மனிதருக்கும் பொருத்தமே இல்லாதிருந்தது.

இத்துணை ஆழமான உண்மையைக் கண்டவர் அதற்குச் சில பக்கங்களையே ஒதுக்கினார் என்பதுதான் இந்நூலின் பெருங்குறை. மூன்றாம் பகுதியிலிருந்து அவருடைய நாட்டம் கொலையாளிகளின், சிறப்பாகப் பெரி ஸ்மித்தின், உளவியலை நோக்கித் திரும்புகின்றது. 1965 ஏப்ரல் 14 ஆந் திகதி நிறைவேறிய தூக்குத்தண்டனை வரை அவர்களைத் தொடரும் ஆசிரியர், ஐயத்தால் பிளவுண்ட ஊர் மீண்டும் ஒன்றுபட்டதா என்பதை நின்று விசாரிக்கவில்லை. டூயியையோ குறையற்ற நாயகனாக உயர்த்துகின்றார். 2013 இல் வெளிவந்த பணியக ஆவணங்கள் இவ்விடத்தில் முக்கியமானவை. வெல்ஸின் தகவல் கிடைத்தவுடன் டூயி விரைந்து செயற்பட்டதாக நூல் கூறும். உண்மையில் ஹிக்கொக்கின் பெற்றோர் வீட்டுக்கு அதிகாரிகள் செல்வதற்கு ஐந்து நாட்கள் கழிந்தன என்பது அவ்வாவணங்களால் தெரியவந்தது. டூயி கல்லறைகளினருகே நிற்கும் இறுதிக் காட்சி நிகழ்ந்ததேயன்று என்பதை 1988 இல் வெளிவந்த ஜெரல்ட் கிளார்க்கின் கப்போட்டி வரலாறு எடுத்துரைத்தது.

இவற்றைத் தகவற் பிழைகள் என்று மாத்திரம் ஒதுக்குதல் போதாது. ஊரின் ஐயம் வளர்ந்தது விசாரணை தாமதித்த நாட்களிலேயாம். சந்தேகநபர்களின் பெயர்கள் அதிகாரிகளுக்குத் தெரிந்த பின்னரும் கைது வரை ஊர் அவற்றை அறியாதிருந்தது. அம்மௌனத்துக்குப் புலனாய்வு சார்ந்த நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் அதற்கான விலையைச் செலுத்தியோர் விளக்கணையாது விழித்திருந்த குடும்பங்களே. தாமதத்தை அழித்துவிட்டு வதந்தியை மாத்திரம் எஞ்சவிடும்போது, நிறுவனத்தின் பங்கு மறைகின்றது. பழி முழுவதும் ஊரவரின் நாவின்மீது விழுகின்றது. பொறுமையிழந்து டூயியைக் கேள்வி கேட்ட விவசாயி, நூலிற் பண்பற்றவனாகக் காட்சியளிக்கின்றான். ஆவணங்கள் வெளிவந்த பின் நோக்கினால், அவன் கேட்டது கேட்கத்தக்க கேள்வியே.

இக்குறைபாடுகளால் 'இன் கோல்ட் பிளட்' தன் முக்கியத்துவத்தை இழந்துவிடுவதில்லை. துப்பறியும் நாவல்கள் பொழுதுபோக்காகக் கருதிய காத்திருப்பை ஒரு சமூக அனுபவமாக அது முதன்மைப்படுத்தியது. குற்றவாளி பிடிபடுதல் வேறு, ஊர் குணமடைதல் வேறு என்பதைச் சுட்டியும் காட்டியது. ஆனால் சுட்டிக்காட்டியதோடு நின்றுவிட்டது. நீதிமன்றம் இருவருக்குத் தண்டனை விதித்தது. ஒருவரையொருவர் குற்றவாளியாக எண்ணி வாழ்ந்த 270 பேரின் வழக்கு எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. அதனை விசாரித்திருக்கக்கூடிய இடம் இந்நூலேயாகும்.