சிறைக்குள் ஒரு செருக்கு

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. உண்மையால் வரும் விடுதலையைப் பற்றி இயேசு பேசுகிறார். கேட்டிருந்தோர் உடனே புண்படுகின்றனர். தாங்கள் ஆபிரகாமின் வழிமரபினர் என்றும், எவருக்கும் ஒருபோதும் அடிமைப்பட்டதில்லை என்றும் மறுமொழி கூறுகின்றனர். எகிப்தின் செங்கற்சூளையையும் பாபிலோனின் ஆற்றங்கரையையும் அறிந்த ஓர் இனம், உரோமைப் படைவீரன் எருசலேம் தெருக்களில் ஈட்டியோடு உலவிய நாளில் இவ்வாறு பேசியது. இதைப் பொய்யென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் காயம்பட்ட இனமானம் எங்கும் இப்படித்தான் பேசும். இயேசுவோ உரோமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பாவமே மெய்யான அடிமைத்தளை என்னும் இடத்துக்கு உரையாடலைத் திருப்புகிறார். நாட்டை இழந்து நிற்பவன் செவியில் இது எப்படி விழும்? ஆறுதலாகவா, ஏய்ப்பாகவா?

போலந்துக் கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியெவிச் (1798–1855) எழுதிய 'முன்னோர் இரவு' நாடகக் காவியத்தின் மூன்றாம் பாகத்தை நாம் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறோம். இறந்தோருக்கு உணவு படைத்து அழைக்கும் பழைய நாட்டார் சடங்கே நூலின் பெயர். நமது கல்லறைத் திருநாளையொட்டி நடந்த சடங்கு அது. 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகள் போலந்தைக் கூறுபோட்டு வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டன. வில்னியூஸ் பல்கலைக்கழக மாணவர் கழகத்தைச் சேர்ந்த குற்றத்துக்காகக் கவிஞர் 1823இல் கைதாகி, சிறையாக்கப்பட்ட ஒரு துறவு மடத்தில் அடைபட்டார். 1824இல் இரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1830இல் வெடித்த எழுச்சி மறு ஆண்டில் நசுக்கப்பட்டது. அதில் அவர் பங்கேற்கவில்லை. அந்த மனக்குத்தலோடு 1832இல் திரெஸ்டன் நகரில் அமர்ந்து இப்பாகத்தை எழுதினார். அதே ஆண்டில் திருத்தந்தை 16ஆம் கிரகோரி, போலந்து ஆயர்களுக்கு எழுதிய மடலில் எழுச்சியைக் கண்டித்து, ஜார் மன்னனுக்குக் கீழ்ப்படியுமாறு அறிவுறுத்தினார். திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. உரோமையின் கதவு சாத்தப்பட்டதாக உணர்ந்த ஒரு மக்கள், சிலுவையைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே தேடினார்கள்.

காவியம் கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில், அந்த மடத்துச் சிறையில் நிகழ்கிறது. கைதிகள் ஒன்றுகூடுகின்றனர். கொன்ராத் என்னும் கவிஞன் பழிவாங்கும் பாடல் ஒன்றைப் பாடுகிறான். கடவுள் துணை நின்றாலும் நில்லாவிட்டாலும் பகைவனைப் பழிதீர்ப்பேன் என்பது அதன் சாரம். உடன் அடைபட்டிருக்கும் குரு ஒருவர், இது புறவினத்தார் பாட்டு என்று தடுக்கிறார். இச்சிறு நிகழ்ச்சியைத் திறனாய்வாளர்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. நமக்கோ, பின்னால் வரப்போகும் பெரும் வீழ்ச்சியின் முதற்படி இதுவே எனத் தோன்றுகிறது.

பின்பு கொன்ராத் தனியனாகிறான். போலந்து இலக்கியத்தின் கொடுமுடி என்று போற்றப்படும் அந்தத் தனிமொழியில் அவன் கடவுளோடு வழக்காடுகிறான். தானும் தன் நாடும் ஒன்றே என்கிறான். கோடிப் பேருக்காகத் துன்புறுவதால் தன் பெயரும் எண்ணில் அடங்காத மக்களின் பெயரே என்கிறான். பின்பு வருகிறது அவன் வேண்டுதல்: மனிதரின் ஆன்மாக்களை ஆளும் அதிகாரத்தைத் தனக்குத் தரவேண்டும். தன் மக்களை மகிழ்விக்கத் தனக்குத் தெரியும். கடவுளுக்கு அறிவு உண்டு, அன்பு இல்லை. வானம் மௌனமாயிருக்கிறது. மௌனம் நீள நீள அவன் சினம் மூளுகிறது. கடவுள் உலகின் தந்தை அல்லர் என்று தொடங்கி, வேறு யார் என்று சொல்ல வாயெடுக்கும்போது மயங்கி வீழ்கிறான். எஞ்சிய ஒரு சொல்லைப் பேய் முடித்து வைக்கிறது: ஜார்.

இந்த ஒரு சொல்லுக்காகவே கவிஞரை நாம் இறையியலர் வரிசையில் வைக்கலாம். கொன்ராத்தின் பாவம் நாட்டுப்பற்று அன்று. இதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளையின் நீட்சியே நாட்டன்பு என்பதுதான் திருச்சபையின் போதனை. அவன் பாவம், அன்பை உரிமைச்சீட்டாக மாற்றியது; நான் இவ்வளவு துன்புற்றேன், ஆகவே ஆளும் தகுதி எனக்கே என்றது. ஆன்மாக்களை ஆள விரும்பியவன் யார்? மாணவர்களின் கனவுகளைக்கூட உளவு பார்த்த ஜார்தானே! கொன்ராத் தன் பகைவனிடமிருந்தே ஆசையைக் கடன் வாங்கிவிட்டான். ஆதலால் கடவுளை நினைக்கும்போதும் ஜாரைத் தவிர வேறு உருவம் அவன் உள்ளத்தில் எழவில்லை. கால் விலங்கு இரஷ்யன் பூட்டியது. இந்த விலங்கு அப்படி வந்ததன்று. இப்போது யோவான் நற்செய்திக்குத் திரும்பிப் பார்த்தால், இயேசுவின் மறுமொழி ஏய்ப்பாகத் தோன்றவில்லை.

விடுதலை எப்படி வருகிறது என்பதிலும் கவிஞர் தவறவில்லை. பேதுரு என்னும் எளிய பெர்னார்தீன் துறவி வருகிறார். வாதாடவில்லை, பேயை ஓட்டுகிறார், பின்பு குப்புற விழுந்து, இந்த இளைஞனின் குற்றத்துக்குரிய தண்டனையெல்லாம் தமக்கு வரட்டும் என்று மன்றாடுகிறார். வானதூதர்கள் அவனுக்காகப் பரிந்து பேசுகின்றனர்: அவன் தேவதாயின் பெயரை மதித்தான், தன் மக்களை அன்பு செய்தான், பலரை அன்பு செய்தான். இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணின் நினைவு இங்கே நமக்கு வராமல் இராது. எந்த அன்பு அவனை வீழ்த்தியதோ, அதே அன்பு செருக்கு நீங்கிய நிலையில் அவனுக்குச் சாட்சியாக நிற்கிறது. மறைக்கல்வியில் அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று நாம் கற்பிப்பதை மேடையில் இவ்வளவு துலக்கமாகக் காட்டிய நூல்கள் மிகச் சிலவே.

ஆயினும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. இதே துறவி ஐந்தாம் காட்சியில் ஒரு காட்சி காண்கிறார். அதில் போலந்து நாடே சிலுவையில் அறையப்படுகிறது. இரஷ்யப் போர்வீரன் விலாவில் குத்துகிறான். நாடு வெண்ணாடை பூண்டு விண்ணேறுகிறது. 'மக்களினங்களின் கிறிஸ்து' என்னும் கருத்து இதிலிருந்தே போலந்தின் குருதியில் கலந்தது. துன்புறும் திருச்சபை கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு கொள்கிறது என்பது புனித பவுலின் போதனை, அதுவரை தடையில்லை. ஆனால் பங்குகொள்வது வேறு, அந்த இடத்தில் ஏறிக்கொள்வது வேறு. கிறிஸ்து மாசற்றவர். போலந்து அப்படியா? பெருமைக்குரிய 1791ஆம் ஆண்டு மே 3 அரசியலமைப்புகூட உழவர்களின் பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்கவில்லை. 1846இல் கலீசியாவில் உழவர்கள் தம் சொந்த இன நிலப்பிரபுக்களையே வெட்டிச் சாய்த்தனர். மேல்மக்கள் தங்களைச் சிலுவையில் கண்ட நாளில், உழவன் அவர்களைச் சாட்டையின் கைப்பிடியில் கண்டான். தனிமனிதனிடமிருந்து துரத்தப்பட்ட செருக்கு, நாடு என்னும் பெரிய வீட்டின் கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது என்றே நாம் தீர்ப்புக் கூறவேண்டியிருக்கிறது. மாசற்ற நாடு மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

(ஆகஸ்ட் 15இல் விண்ணேற்புத் திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் கொடியேற்றுபவர்கள் நாம். போலந்தினருக்கும் அந்நாள் இரட்டை விழா. 1920ஆம் ஆண்டு வார்சாப் போரின் வெற்றியை அன்று நினைவுகூர்கின்றனர். மறையுரையில் எந்த விழா எதை விழுங்குகிறது என்பது அங்கும் இங்கும் பங்குக் குருக்களுக்குத் தெரிந்த சங்கடம்.)

கவிஞருக்கு இந்த ஆபத்து தெரியாமலில்லை. நூலின் இறுதியில் தம் இரஷ்ய நண்பர்களை விளித்து ஒரு கவிதை சேர்த்துள்ளார். ஜாரை எதிர்த்ததற்காக 1826இல் தூக்கிலிடப்பட்ட கவிஞர் ரிலேயெவை அதில் உடன்பிறப்பாக நினைந்து அழுகிறார். 1848இல் உரோமையில் அவர் வகுத்த கொள்கை அறிக்கையில் யூதர்களை மூத்த சகோதரர் என்றழைத்துச் சம உரிமை கோரினார். 1986இல் உரோமைத் தொழுகைக்கூடத்தில் திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் யூதர்களை அப்படியே அழைத்தபோது, போலந்துக் காதுகளுக்கு அது புதிய சொல்லன்று. பாரிஸ் விரிவுரைகளில் கவிஞர் வழிதவறியதும், அவை 1848இல் தடைநூல் பட்டியலில் ஏறியதும் தனிக்கதை.

நூலின் பிற்கால வரலாறு நம் வழக்கை இரு பக்கமும் இழுக்கிறது. 1968 சனவரி இறுதியில் வார்சாவின் தேசிய நாடக அரங்கில் இந்நாடகத்தைப் பொதுவுடைமை அரசு நிறுத்தியது. மாணவர்கள் கவிஞரின் சிலைக்கு ஊர்வலம் சென்றனர். கொன்ராத்தின் குரல் இன்னும் சிறைகளைத் திறக்க வல்லது என்பதற்கு அது சான்று. அரசோ தன் பங்குக்கு இனப்பெருமையைக் கிளறி, யூதர்கள் மீது பழிபோட்டு, ஆயிரக்கணக்கானோரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்தது. அதற்கு முன்னமே, 1965 நவம்பரில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதியிருந்தனர். போரில் தம் மக்களை இலட்சக்கணக்கில் இழந்தவர்கள், மன்னிப்பு அளித்ததோடு நில்லாமல், மன்னிப்பும் கேட்டனர். நாம் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அரசு கொதித்தது. பற்றுள்ள கத்தோலிக்கர் பலருக்கும் உள்ளம் கசந்தது. ஐந்தாம் காட்சியை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். 1941இல் யெத்வாப்னே ஊரில் போலந்தினர் தம் யூத அயலாரைக் கொன்றதற்காக 2001 மே மாதம் ஆயர்கள் வார்சாவில் பாவப்பரிகார வழிபாடு நடத்தியபோதும் அதே கசப்பு எழுந்தது.

நூலில் பலரும் கவனியாத மற்றோர் இடத்தைச் சொல்லி அமைகிறோம். எட்டாம் காட்சியில், விசாரணைக்கு இழுத்துச் செல்லப்படும் கொன்ராத் வழியில் அந்தத் துறவியைச் சந்திக்கிறான். தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து விற்கச் சொல்கிறான். பாதிப் பணம் ஏழைகளுக்கு; மறுபாதி உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகத் திருப்பலிக்கு. உத்தரிக்கிற இடம் சிறையைப் போன்றதாயின் அவர்கள் படும் துன்பம் தனக்குத் தெரியும் என்கிறான். ஆன்மாக்களை ஆளக் கேட்டவன் இப்போது அவற்றுக்காக ஒரு பூசை கேட்கிறான். துறவி மோதிரத்தை வாங்கிக்கொள்கிறார். காவலர் அவனை இழுத்துச் செல்கின்றனர்.