கே.பி. சுந்தராம்பாளின் திரைநடிப்பு

கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக, திரைப்பட நடிகை, பாடகி. பேசும்படக் காலத்தின் தொடக்கத்திலேயே திரைக்கு வந்தவர். காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். சிறுமியாக வேலு நாயர் நாடகக்குழுவில் சேர்ந்தார். இலங்கை மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்துப் புகழ்பெற்றார். 1927-ல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா 1933-ல் மறைந்தார்.

அவரைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் அவருடைய குரலைப் பேசுகின்றன, பின்னர் அவருடைய வெண்ணிற ஆடையைப் பேசுகின்றன. நடிப்பு அவற்றில் இடம்பெறுவது அரிது. திரையில் அவர் பாடினார், நடிக்கவில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணம் பாதி உண்மை.

வேடங்களின் வரிசை

கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றிலிருந்து நகையும் வண்ணச்சேலையும் துறந்து வெள்ளைக் கதருக்கு மாறினார். எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என முடிவெடுத்தார். இது துயரத்தின் வெளிப்பாடாக மட்டுமே விளக்கப்படுகிறது. செங்கோட்டைப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. சுந்தராம்பாள் இரண்டாம் மனைவி, நாடகக்காரி. வாழும்போது ஊர் முழுமையாக அளிக்காத மனைவி என்னும் இடத்தை, கைம்மைக் கோலத்தின் வழியாக அவர் யாரும் மறுக்கமுடியாதபடி எடுத்துக்கொண்டார் என்றும் வாசிக்கலாம்.

அந்த முடிவு அவருடைய திரைவேடங்கள் அனைத்தையும் தீர்மானித்தது. முதல் படமான நந்தனாரில் (1935) ஆண்வேடம். அடுத்து மணிமேகலை (1940), துறவி. ஔவையார் (1953), மூதாட்டி. பூம்புகார் (1964), சமணத் துறவி கவுந்தியடிகள். காரைக்கால் அம்மையாரில் (1973) இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, இல்லறத்தை உதறியபின் வரும் அம்மையார் சுந்தராம்பாள். ஔவையாரிலும் இதே பங்கீடுதான். திருமணத்திலிருந்து தப்ப முதுமையை வேண்டிப் பெறும் இளம்பெண் குசலகுமாரி, முதுமை வந்தபின் சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயது 45. தமிழ்த் திரையில் காதலியாகவோ மனைவியாகவோ வராமலேயே கதைமையமாக நின்ற நடிகை வேறொருவரைச் சுட்டுவது கடினம்.

நந்தனாருக்காக அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் இன்றும் வியப்புடன் சொல்லப்படுகிறது. படம் அந்த வியப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. அதிலுள்ள மரங்களும் கால்நடைகளும் நன்றாக நடித்ததாகக் கல்கி கேலி செய்து எழுதினார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், அவரும் நடிகரல்ல. இரு பெரும் பாடகர்களைக் காமிராவின் முன் நிறுத்தினால் படமாகிவிடும் என்று அன்று நம்பப்பட்டது. கல்கியின் கேலி பாதிக்குமேல் அந்த நம்பிக்கையின்மீதே சென்று விழுகிறது.

மேடையும் காமிராவும்

ஒலிபெருக்கி இல்லாத மேடையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் செவிவரை எட்டப் பாடிப் பழகியவர் சுந்தராம்பாள். அந்தப் பழக்கத்தில் உடல் அசைவு குறைவு. மூச்சு முழுக்கக் குரலுக்கே செலவாகும். அண்மைக்காட்சியில் அது விறைப்பாகத் தெரிகிறது. ஔவையாரில் வசனம் பேசும் பல இடங்களில் இந்தக் குறை உண்டு. பாட்டு தொடங்கியதும் அதே விறைப்பு நிலைபெயராத உறுதியாக மாறிவிடுகிறது. ஜெமினியின் பிரம்மாண்டமான அரங்கங்களுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே பார்வையாளர் அந்த ஒரு உருவத்தையே பார்க்கிறார்கள்.

இதன் சிறந்த எடுத்துக்காட்டு ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் (1965). பழனித் தலபுராணம் அதில் சட்டகக்கதையாக வருகிறது. பழம் கிடைக்காத கோபத்தில் குடும்பத்தைத் துறந்து மலைமேல் நிற்கும் சிறுவன் முருகனை வீட்டுக்குத் திரும்பச் சொல்பவள் ஔவை. குடும்பத்துக்கு வெளியே நிற்கும் கிழவி, குடும்பத்தை விட்டு வந்த பிள்ளையைக் குடும்பத்துக்கே திருப்பியனுப்பப் பார்க்கிறாள். சுந்தராம்பாள் இதைப் புலமையின் கம்பீரத்துடன் தொடங்கி, பாட்டியின் செல்லக் கண்டிப்புக்கு இறங்கிவருகிறார். முருகன் கேட்பதில்லை. ஔவை தோற்கும் காட்சி அது, ஆனால் பழனி என்றதும் தமிழர்களின் காதில் இன்றும் ஒலிப்பது அந்தத் தோல்வியின் பாட்டுதான். கொடைக்கானல் மலைச்சாலையில் பூண்டி வரை போகும் வண்டிகளிலும் அதைக் கேட்கமுடியும்.

பூம்புகார் வேறுவகை. மு. கருணாநிதியின் வசனத்தை, நெற்றியில் திருநீறின்றி அறியப்படாத ஒரு முகம் பேசுகிறது. எழுத்தாளர் நாத்திகர், நடிகை முருகபக்தை, பாத்திரம் சமணர். மூன்றும் உரசாமல் இருப்பதற்குக் காரணம் அவருடைய உச்சரிப்பின் தெளிவு. சொல்லை விழுங்காமல், மெய்யெழுத்துக்களை அழுத்தி அவர் பேசும் முறை சங்கரதாஸ் சுவாமிகள் மரபு நாடகத்தின் கொடை. பக்தியும் கட்சியும் அங்கே பின்னுக்குப் போய்விடுகின்றன.

இழப்பு

1950களின் தொடக்கத்தில் சட்ட மேலவை உறுப்பினரானதும், துணைவன் (1969) படத்தில் பாடியதற்கான தேசிய விருதும், 1970-ல் பத்மஸ்ரீயும் அவருடைய முதிய உருவத்துக்குக் கிடைத்தவை. அந்த உருவத்தைத் திரைத்துறை மிகவும் விரும்பியது. அறுபதுகளுக்குப்பின் வந்த பக்திப்படங்கள் பலவற்றில் அவர் ஒரே வேடத்தில், ஒரே திருநீற்றுடன், ஒரே ஆசி வழங்கும் கையுடன் வருகிறார். அவற்றில் அவருக்குச் செய்ய எதுவுமில்லை. பாட்டு முடிந்ததும் கதை அவரைக் கடந்து சென்றுவிடுகிறது.

மேடையில் கிட்டப்பா வேலனாக வர, வள்ளியாக நின்று தர்க்கப்பாட்டில் அவரை மடக்கிய இளம்பெண்ணின் குறும்பைக் காட்டும் ஒரு அடி படச்சுருள்கூட இல்லை. கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்கவே இல்லை. அந்த வள்ளியில் எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள் மட்டும்.