அறுபது என்பது எத்தனை மீட்டர்?

150 மீட்டர் நீளமுள்ள ரயில் ஒன்று மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. 300 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க அதற்கு எத்தனை வினாடி ஆகும்? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. 54-ஐ 5/18-ஆல் பெருக்கு. வினாடிக்கு 15 மீட்டர். மொத்த தூரம் 450 மீட்டர். விடை 30 வினாடி. பேனா தானாக ஓடும்.

அதே பிள்ளைகள் தேர்வு முடிந்து வெளியே வந்து பைக்கை எடுக்கிறார்கள். ஸ்பீடோமீட்டரில் முள் 54-க்கு வருகிறது. இப்போது தாங்களும் வினாடிக்கு 15 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தோன்றும்படி நாம் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. மதிப்பெண்ணுக்காகப் பழக்கிய ஒரு கணக்கு, உயிருக்கு உதவவேண்டிய இடத்தில் ஞாபகத்துக்கு வராமல் போகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

அன்றாட வாழ்வில் நாம் வேகத்துக்கு வைத்திருக்கும் மெட்ரிக் அலகு ஒன்றே ஒன்று: மணிக்கு இத்தனை கிலோமீட்டர். பேச்சில் அலகைக்கூடச் சொல்வதில்லை. ‘அறுபதுலதான் வந்தேன்’, ‘நூறைத் தாண்டிட்டான்’ என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும். 1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1957-இல் நயா பைசா வந்து, அதன் பின் சாலைக் கற்களில் மைல் போய் கிலோமீட்டர் ஏறியது. ஒரே தலைமுறைக்குள் மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். அயர்லாந்து தன் வேக வரம்புப் பலகைகளை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றியது 2005 ஜனவரியில்தான். பக்கத்திலிருக்கும் பிரிட்டனின் பலகைகளில் இன்றும் மைல்தான். அவர்களோடு ஒப்பிட்டால் நாம் இதை முன்கூட்டியே, சிக்கலில்லாமல் முடித்துவிட்டோம்.

பயணத்துக்கு இது அருமையான அலகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பலகையில் தூரம் கிலோமீட்டரில் இருக்கிறது, கையில் கடிகாரம் மணி காட்டுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கி.மீ., சராசரி 60 என்றால் ஐந்தரை மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஆறு. மனக்கணக்கே போதும். 60-இல் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பது இன்னும் வசதி. சாலையில் நாம் காணும் வேகங்கள் எல்லாம் பத்துக்கும் நூற்றிருபதுக்கும் இடையே முழு எண்களாக அடங்கிவிடுகின்றன. வேறு எந்த மெட்ரிக் அலகும் பயணிக்கு இவ்வளவு தோதாக அமையாது. அறிவியலின் தரமான அலகு மீட்டரும் வினாடியும்தான் என்றாலும், மணிக்கணக்கையும் உடன்வைத்துப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச அலகு முறையே இடம் கொடுத்திருக்கிறது. அது சரியான முடிவு.

ஆனால் விபத்து நடப்பது மணிக்கணக்கில் அல்ல. இரண்டு வினாடி, மூன்று வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ‘மணிக்கு அறுபது’ என்ற தகவல் ஓட்டுநருக்கு எதையுமே சொல்வதில்லை.

ஒரு குடியிருப்புத் தெருவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இப்படிப்பட்ட தெருக்களுக்கு வரம்பு 30 கி.மீ. அதைக் கேட்டதும் ‘முப்பதுல எப்படிங்க ஓட்டறது, உருட்டிக்கிட்டுத்தான் போகணும்’ என்கிறார்கள். இனி மீட்டரில் பாருங்கள். 30 என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். ஆபத்தைக் கண் பார்த்து, மனது புரிந்துகொண்டு, கால் பிரேக்கில் படுவதற்கு ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி பன்னிரண்டரை மீட்டர் போய்விடும். காய்ந்த தரை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்த பின் இன்னும் ஐந்து மீட்டர். ஆக மொத்தம் பதினேழரை மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே தெருவில் 50-இல் வருகிறவருக்கு வினாடிக்கு 13.9 மீட்டர். அந்த ஒன்றரை வினாடியிலேயே வண்டி ஏறக்குறைய 21 மீட்டர் ஓடிவிடும்.

இப்போது இருபது மீட்டர் தள்ளி, நிறுத்திவைத்த வேனுக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வருகிறது. 30-இல் வந்தவர் குழந்தைக்கு இரண்டரை மீட்டர் முன்பே நின்றுவிடுகிறார். 50-இல் வந்தவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. வேகம் கொஞ்சம்கூடக் குறையாமல், முழு ஐம்பதில் மோதுகிறார். 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் ‘இருபது’ என்றுதான் முள் காட்டும். உண்மையில் அந்த வித்தியாசம் ஒரு குழந்தை பிழைப்பதற்கும் பிழைக்காமல் போவதற்கும் உள்ளது.

நெடுஞ்சாலையிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் பெரிது. 60-இல் போகும் கார் நிற்க மொத்தம் 45 மீட்டர் வேண்டும். 80-இல் போகும் கார் அதே இடத்தில் ஆபத்தைக் கண்டு அதே பிரேக்கைப் பிடித்தால், முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தைக் கடக்கும்போது அது இன்னும் சுமார் 65-இல் போய்க்கொண்டிருக்கும். நான் முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டபோது எங்கேயோ தப்பு இருக்கிறது என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. மோதலின் ஆற்றலும் அப்படியே. 40-ஐ 80 ஆக்கினால் வேகம் இரண்டு மடங்கு, அடி நான்கு மடங்கு. 60-இல் சுவரில் மோதுவது ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மொட்டை மாடி விளிம்பில் நின்றால் எல்லாருக்கும் கால் கூசுகிறது. அறுபதில் போகும்போது யாருக்கும் கூசுவதில்லை.

சாலையைக் கடப்பவர் பக்கம் இருந்து பார்த்தால் குறை இன்னும் கண்கூடு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஊர் ஒரு பக்கமும் பேருந்து நிறுத்தம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் இடங்கள் உண்டு. கையில் பையோடு ஒரு பாட்டி கடக்க நிற்கிறார். சராசரி மனிதரின் நடை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் சிக்னல் நேரங்களைக் கணக்கிடுகிறார்கள். வயதானவர்களின் நடையை மருத்துவர்கள் அளப்பதும் இதே அலகில்தான், வினாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் போகாதவர்களைத் தசை வலு குன்றியவர்கள் என்ற கோணத்தில் கவனிக்கிறார்கள். அந்த நடையில் இரண்டு தடம் கொண்ட பாதி சாலையை, ஏழு மீட்டரை, கடக்கப் பாட்டிக்கு ஒன்பது வினாடி வேண்டும். மணிக்கு 100-இல் வரும் கார் அந்த ஒன்பது வினாடியில் 250 மீட்டர் வந்துவிடும். 250 மீட்டர் தூரத்தில் ஒரு கார் சிறு பொட்டாகத்தான் தெரியும். ‘எங்கயோதானே வருது’ என்று அவர் காலை எடுத்து வைப்பதில் என்ன தவறு? ஓட்டுநரின் வேகம் மணியில், பாட்டியின் நடை வினாடியில். இரண்டையும் ஒரே அளவையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சாலையை அமைப்பவருக்கும் இருக்கவேண்டும், ஓட்டுபவருக்கும் இருக்கவேண்டும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் பத்தில் ஏழு உயிர்கள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அலகை மாற்றினால் இந்த மரணங்கள் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. சாலை அமைப்பு, குடி, ஹெல்மெட், உரிமம் வழங்கும் முறை என்று காரணங்கள் பல. ஆனாலும் வேகம் என்றால் என்ன என்பதே உடலில் உறைக்காத ஒருவரிடம் ‘வேகத்தைக் குறை’ என்று பலகை வைப்பதில் எவ்வளவு பயன் இருக்கும்?

கிலோமீட்டர்–மணி அளவையில் இன்னொரு குறை உண்டு. அது பயணத்திலேயே இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை அது தவறாக உணர்த்துகிறது. பத்து கிலோமீட்டரை 20-இல் போனால் முப்பது நிமிடம். 40-இல் பதினைந்து, 60-இல் பத்து, 100-இல் ஆறு, 120-இல் ஐந்து. 20-இலிருந்து 40-க்குப் போனால் கால் மணி நேரம் மிச்சம். 100-இலிருந்து 120-க்குப் போனால் மிச்சமாவது ஒரே ஒரு நிமிடம். முள் நகர்வதோ இரண்டு இடத்திலும் அதே இருபது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறார்கள். இந்த மயக்கத்தை ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். வேகத்துக்குப் பக்கத்தில் ‘இவ்வளவு தூரத்துக்கு இத்தனை நிமிடம்’ என்றும் காட்டினால் மக்கள் சரியாகக் கணிக்கிறார்கள் என்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எயல் பீர், எயல் கம்லியல் இருவரும் காட்டியிருக்கிறார்கள். மெரினாவில் காலையில் ஓடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் ‘கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம்’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். தூரத்தை முடிப்பது எப்போது என்ற கேள்விக்கு அதுவே நேரான விடை.

அப்படியானால் எல்லாவற்றையும் வினாடிக்கு மீட்டர் என்று மாற்றிவிடலாமா? கூடாது. அந்த அலகின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, எண் சிறுத்துவிடுகிறது. அறுபது என்பது பதினேழு ஆகிவிட்டால், பதினேழுதானே என்ற அலட்சியம் வரும். 50-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் 13.9, 16.7 என்று தசமப் புள்ளியில் போய் நிற்கும். பலகையில் எழுத முடியாது, அபராதச் சீட்டிலும் எழுத முடியாது. திருச்சிக்கு எப்போது போவோம் என்று கணக்கிட 3,600-ஆல் பெருக்கிக்கொண்டு உட்கார யாராலும் ஆகாது.

ஆனால் எண் சிறுத்தாலும் பழகினால் அச்சம் குறைவதில்லை என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே புயல் அறிவிப்பில் காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில்தான் சொல்கிறார்கள். 25 மீட்டருக்கு மேல் காற்று வீசும் பகுதியைத் தனி வட்டமாக வரைபடத்தில் காட்டுகிறார்கள். நம் கணக்கில் அது 90 கி.மீ. ஸ்வீடனிலும் அன்றாட வானிலை இப்படித்தான். நம் ஊரில் ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வாக்கியம் எல்லார் காதுக்கும் பழகியது. காற்றைப் பொறுத்தவரை மாற்றவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கரையில் இருப்பவருக்குத் தேவை காற்று எப்போது வந்துசேரும், எதையெல்லாம் சாய்க்கும் என்பதுதான். அதை இந்திய வானிலைத் துறை வேகத்தோடு சேர்த்தே சொல்கிறது: எந்தக் கூரை போகும், எந்த மரம் விழும் என்று. அதுதான் முக்கியம். 62 கி.மீ.யில் புயல், 89-இல் தீவிரப் புயல் என்று எல்லைகள் முழுப் பத்துகளாக இல்லாமல் அமைந்திருப்பது ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. மூல அளவை கடலோடிகளின் நாட், அதாவது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல். 34 நாட், 48 நாட் என்பவை கிலோமீட்டருக்கு வந்தபோது அப்படி ஆயின. கடலில் நாட் இருப்பதும் நியாயமே. நாட்டிக்கல் மைல் பூமியின் அட்சரேகைக் கணக்கிலிருந்து பிறந்தது, வரைபடத்தோடு நேராகப் பொருந்துகிறது.

வினாடிக் கணக்கு நமக்கு அந்நியமும் அல்ல. மின்னல் வெட்டியதும் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெட்டவெளியை விட்டு உள்ளே போய்விடவேண்டும். ஒலியின் வேகம் மணிக்கு 1,200 கி.மீ.க்குச் சற்று மேல் என்பது வயலில் நிற்பவருக்கு எந்த உதவியும் செய்யாது.

ஆகவே பலகையையும் ஸ்பீடோமீட்டரையும் தொடவேண்டாம். தொடவேண்டிய இடம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம். எல்.எல்.ஆர். தேர்வில் சாலைக் குறிகளைக் கேட்கிறோம். ‘நாற்பதில் போகிறாய், பிரேக்கைத் தொடுவதற்கு முன் எத்தனை மீட்டர் போயிருப்பாய்?’ என்றும் கேட்கவேண்டும். அதற்கு முதலில் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரியவேண்டும், 5/18 தேவையில்லை. கிலோமீட்டரை நான்கால் வகுத்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் போதும்: 40-க்குப் பத்தும் ஒன்றும் பதினொன்று, 80-க்கு இருபதும் இரண்டும் இருபத்திரண்டு, 100-க்கு இருபத்தேழரை. வண்டி ஓட்டிக்கொண்டே போடக்கூடிய கணக்கு இது. 36-க்கு 10, 72-க்கு 20, 108-க்கு 30 என்ற மூன்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்தாலும் சாலையில் பாதிக் கண் திறந்த மாதிரி.

வேக அலகே இல்லாமல் இதைச் செய்யவும் வழி இருக்கிறது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கவேண்டும். இரண்டு வினாடி ஆவதற்குள் நம் வண்டி அந்தக் கம்பத்தை அடைந்தால் நாம் நெருங்கிப் போகிறோம் என்று அர்த்தம், மழையென்றால் நான்கு வினாடி. பிரிட்டனின் மோட்டார்வேக்களில் சில இடங்களில் தரையிலேயே அம்புமுனைக் கோடுகள் தீட்டி, இரண்டு கோடு இடைவெளி விடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மைலில் சிந்திக்கும் நாடு அது. ஆனாலும் அந்தக் கோடுகள் ஓட்டுநரிடம் பேசுவது தூரமும் வினாடியும்தான். நம் நான்குவழிச் சாலைகளில் 100 கி.மீ. வேகத்துக்கு அந்த இரண்டு வினாடி இடைவெளி 56 மீட்டர். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்கள் எவை என்று காவல்துறையிடம் பட்டியல் இருக்கிறது. முதலில் அங்கே தீட்டலாம்.