கேட்காத சத்தத்துக்கு ஒரு கும்பிடு

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு இப்போது மாடிப்படி பிடித்திருக்கிறது! பவர் டேபிளில் உட்கார்ந்து முட்டியால் லிவரைத் தள்ளித் தள்ளியே தைத்துப் பிழைத்தவள் நான். ராயபுரத்தில் சொந்தமாய் ஜாப் ஒர்க் யூனிட் போட்ட நேரத்தில் முட்டி தேய்ந்துவிட்டது. கீழே கட்டிங், மேலே செக்கிங். ஒவ்வொரு படியும் உயிரை வாங்கும்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே டாக்டர் எழுதிக்கொடுத்தார் ஒரு அல்ட்ராசவுண்டு கருவியை. பெயர் ‘சாம்’, கனெக்டிகட் கம்பெனியுடையது. கையடக்கப் பெட்டி, அதிலிருந்து வரும் ஒயர் முனையில் ஒரு வில்லை. ஜெல் வைத்த ஒட்டுப் பட்டையில் அதைப் பொருத்தி முட்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேலே சேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

நம்மூர் பிசியோதெரபியிலும் அல்ட்ராசவுண்டு வைப்பார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குக் காத்திருப்பதிலேயே அரை ஷிப்டு போகும். இது அப்படியில்லை அம்மணிகளே, நாலு மணி நேரம் முட்டியிலேயே இருந்து வேலை செய்கிறது! விநாடிக்கு 30 லட்சம் அதிர்வு. காதுக்குக் கேட்காது. உள்ளே இதமாய்ச் சூடு பரவும், ரத்த ஓட்டம் கூடும். காலையில் ஒட்டிக்கொண்டு செக்கிங் டேபிளில் நின்றால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கழற்றுவேன்.

எல்லாம் மனப்பிரமை என்றார் வீட்டுக்காரர். விடுவேனா? 2018இல் வெளிவந்த ஆய்வை மகளிடம் வாங்கிக் காட்டினேன். முட்டி தேய்ந்த 90 பேர், 6 வாரம். சிலருக்கு மட்டும் அவர்களுக்கே தெரியாமல் அதிர்வு எழுப்பாத டம்மிக் கருவி. பத்துக்கு இத்தனை என்று வலியை அளந்தபோது, நிஜக் கருவி கட்டியவர்களுக்கு 1.96 புள்ளி குறைந்திருந்தது, டம்மிக்காரர்களுக்கு 0.85. வித்தியாசம் ஒரு புள்ளி சொச்சம்தானே என்றார். அந்த ஒரு புள்ளியில்தானுங்க நான் படியேறுகிறேன்!

தேய்ந்த ஜவ்வு இதனால் வளராது. தொடைப் பயிற்சியை நான் விடவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒட்டுப் பட்டை வேறு ஒரு தடவைக்குத்தான். தீர்ந்தால் மகளைக் கெஞ்ச வேண்டும்.

கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்கிற கெட்டிக்காரர்களே, இதையும் ஒரு கை பாருங்கள். நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கிற, அயர்ன் பண்ணுகிற நம் ஜனங்களுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுக்கிற விலைக்கு இது வரட்டும்.